பஸ்ஸிலும் வள்ளத்திலும் குமட்டினால் அழுத்த வேண்டிய இடம்

பேச்சிப்பாறை தாண்டி கோதையாறு மலை ஏறும் பஸ்ஸானாலும் குளச்சலில் கடலுக்குப் போகும் வள்ளமானாலும், வயிறு புரட்டினால் அக்குபங்சர்காரர்கள் முதலில் தொடுவது ‘நெய்குவான்’ புள்ளியை. ஊசி வேண்டாம், விரல் போதும். ஆனால் இடம் தப்பினால் பலன் குறைவு. பெரும்பாலோர் தப்புவது அங்கேதான்.

உள்ளங்கையை மேலே பார்த்தாற்போல் திருப்புங்கள். மறு கையின் ஆள்காட்டி, நடு, மோதிர விரல்களைச் சேர்த்து, மோதிர விரலின் ஓரம் மணிக்கட்டு ரேகையில் படும்படி முழங்கைப் பக்கமாகக் குறுக்கே வையுங்கள். ஆள்காட்டி விரலின் மேல்விளிம்பு நிற்கும் உயரம்தான் கணக்கு. அக்குபங்சர் அளவில் அது 2 சுன். பெருவிரல் அகலம் 1 சுன். இந்த அளவு அவரவர் விரலுக்கே சொந்தம். பிள்ளையின் கையில் அப்பா தன் விரலை வைத்து அளந்தால் புள்ளி முழங்கைப் பக்கம் ஏறிப் போகும்.

இனி பெருவிரலையும் சுண்டுவிரலையும் தொடவைத்து மணிக்கட்டை லேசாக மடக்குங்கள். இரண்டு தசைநாண்கள் கயிறுபோல் எழும்பும். அவற்றின் நடுப்பள்ளம்தான் இடம். சிலருக்கு நடுவில் உள்ள நாண் பிறவியிலேயே இருக்காது. அவர்கள் எழும்பும் ஒரே நாணுக்குச் சுண்டுவிரல் பக்கத்தில் அழுத்தலாம்.

நகம் வெளுக்கும் அளவுக்குப் பெருவிரலால் அழுத்தி, சின்ன வட்டமாகச் சுழற்றுங்கள். கைக்கு 2 முதல் 3 நிமிடம். வாந்தி தொண்டைக்கு வந்த பிறகு அல்ல, வண்டி கிளம்பும் முன்பே தொடங்குவது நல்லது. மந்தமாகக் கனத்துப் பரவும் வலிக்கு ‘தெ சி’ என்று பெயர். சரியான இடம் என்பதற்கு அதையே அடையாளமாகச் சொல்வார்கள். விரல்களில் ஷாக் அடித்ததுபோல் சுரீர் என்றால், அடியில் ஓடும் நடு நரம்பு நசுங்குகிறது. அழுத்தத்தைக் குறையுங்கள்.

இது ஏன் வேலை செய்கிறது? ‘சி’ என்ற உயிராற்றல் பாதைகளில் ஓடுகிறது, வயிற்றில் கீழே இறங்க வேண்டியது மேலே எழும்பினால் குமட்டும், நெஞ்சிலிருந்து நடுவிரலுக்குப் போகும் பாதையிலுள்ள இப்புள்ளி அதைத் திருப்பி இறக்கும் என்பது சீன மரபு. உடலை அறுத்துப் பார்த்தவர்கள் அப்படி ஒரு குழாயைக் கண்டதில்லை. நரம்பு வழியே மூளைத்தண்டுக்குப் போகும் சேதிதான் காரணமாக இருக்கலாம் என்கிறது மருத்துவம். அறுவை சிகிச்சைக்குப் பின்வரும் குமட்டலில் இப்புள்ளிக்கு நல்ல ஆதாரம் உண்டு. பயண வாந்தியில் முடிவுகள் கலவைதான். நம்பிக்கைக்கும் அதில் ஒரு பங்கு இருக்கும்.

நம்மூரில் இதை வர்மம் என்று சொல்லிவிடுவார்கள். அடிபட்டால் உயிருக்கே ஆபத்தான 12 படுவர்மமும், அவ்வளவு ஆபத்தில்லாத 96 தொடுவர்மமும் கொண்ட அந்தக் கணக்கு தனி. படுவர்மத்தில் கை வைப்பது ஆசான் வேலை.

ஊசி போட்டுக்கொள்வதானால் உறையை உங்கள் கண்முன் பிரிக்கச் சொல்லுங்கள்; ஒருமுறைக்கு மேல் அந்த ஊசி ஆகாது. கர்ப்பமோ ரத்தம் உறையாமைக்கான மாத்திரையோ இருந்தால் முன்பே சொல்லுங்கள். தோள், மார்புப் பகுதியில் ஊசி ஆழமாகிவிட்டால் நுரையீரலில் குத்தலாம். பிறகு மூச்சு வாங்கினால் உடனே ஆஸ்பத்திரி. குமட்டலோடு நெஞ்சுவலியும் குளிர் வியர்வையும் சேர்ந்தால் மணிக்கட்டைத் தேடி நேரம் கடத்தாமல் 108ஐக் கூப்பிடுங்கள்.