ஜென்டிலே பெல்லினியின் ஓவியத்தில் 1496-இன் வெனிஸைப் படிப்பது எப்படி?

வெனிஸ் ஓவியர் ஜென்டிலே பெல்லினி வரைந்த ‘சான் மார்கோ சதுக்கத்தில் பவனி’ ஏறக்குறைய ஏழரை மீட்டர் அகலமுள்ள ஓவியம். வெனிஸின் அகாதெமியா காட்சியகத்தில் இருக்கிறது. கைப்பேசித் திரையில் முழுதாகப் பார்த்தால் எறும்புக் கூட்டம்தான் தெரியும். நன்றாகப் பெரிதாக்கக்கூடிய படத்தை எடுத்து, துண்டு துண்டாகப் பாருங்கள்.

முதலில் ஆட்களை விடுங்கள், கட்டடங்களிலிருந்து தொடங்குங்கள். பின்னணியில் உள்ள சான் மார்கோ (புனித மாற்கு) பேராலய முகப்பின் இடதுகோடி வாசலுக்கு மேலே உள்ள மொசைக்கைப் (வண்ணச் சில்லுகள் பதித்த சித்திரத்தை) பெரிதாக்குங்கள். புனித மாற்குவின் உடலைப் பேராலயத்துக்குள் கொண்டுசெல்லும் அந்த 13-ஆம் நூற்றாண்டுக் காட்சி மட்டும் இன்றும் அதே இடத்தில் இருக்கிறது. மற்ற வாசல்களின் மொசைக்குகள் எல்லாம் பின்னாளில் மாற்றப்பட்டவை. அவற்றின் பழைய வடிவத்தை அறிய இந்த ஓவியத்தைவிட நல்ல சான்று கிடையாது. அதனால் இந்தப் பகுதிக்கு மட்டும் அரை மணி நேரமாவது ஒதுக்குங்கள். நான்கு வெண்கலக் குதிரைகளின் பொன்பூச்சையும் கவனியுங்கள்.

அடுத்து தரை. செங்கல் பாவி, நடுவே வெள்ளைக் கல் பட்டைகள் ஓடும். இன்றுள்ள சாம்பல்நிறக் கல்தளம் 1723-இல் வந்தது.

வலப்பக்கம் பலர் சறுக்கும் இடம். மணிக்கோபுரத்தோடு கட்டடம் ஒட்டி நிற்பதைப் பார்த்து, ஓவியரின் பிழை என்று எழுதிவிடுகிறார்கள். அந்தக் காலத்தில் அது ஒட்டித்தான் இருந்தது. 16-ஆம் நூற்றாண்டில்தான் கட்டட வரிசையைப் பின்தள்ளினார்கள். பெல்லினி மாற்றியது வேறொன்றை: டோஜே (வெனிஸ் ஆட்சித் தலைவர்) அரண்மனை வாசல் மறையாமல் இருக்க, கோபுரத்தையும் அந்த வரிசையையும் வலப்புறம் நகர்த்தி வரைந்தார். ஆகவே ஒவ்வொரு கட்டடத்தின் உருவத்தையும் நம்பலாம். இடைவெளிகளை அளவெடுக்கக் கூடாது.

இப்போது ஆட்களிடம் வாருங்கள். முன்வரிசையில் வெள்ளை அங்கியில் வருபவர்கள் புனித யோவான் சகோதர சங்கத்தார். ஓவியத்தை வரையச் சொன்னதும் அவர்கள்தான். விதானத்தின் கீழே வருவது, இயேசுவின் சிலுவையைச் சேர்ந்ததென நம்பப்பட்ட திருச்சிலுவைத் துண்டு உள்ள பேழை. அதற்குச் சற்று வலப்பக்கம், சிவப்பு உடையில் மண்டியிட்டிருப்பவர் பிரேஷா நகர வணிகர் யாக்கோபோ தே சாலிஸ். தலையில் அடிபட்டுக் கிடந்த மகனுக்காக வேண்டுகிறார்; மகன் குணமானான் என்பது நம்பிக்கை. ஓவியத்தின் ‘அற்புதம்’ அவ்வளவு சிறிய இடத்தில்தான் இருக்கிறது. பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

பின்னால் தலைப்பாகைக்காரர்களைத் தேடுங்கள். துறைமுக நகரத்துக்கு வந்துபோன அயல்நாட்டு வணிகர்கள் அங்கேதான் தென்படுவார்கள். பெண்களைச் சதுக்கத்தில் தேடாதீர்கள். இடப்பக்கக் கட்டடத்தின் சன்னல்களைப் பாருங்கள். விரிப்புகள் தொங்கும் அந்தச் சன்னல்களில் நின்றுதான் பவனியைப் பார்க்கிறார்கள்.

குறிப்பெடுக்கும்போது இரண்டு ஆண்டுகளைத் தனித்தனியே எழுதிக்கொள்ளுங்கள். வேண்டுதல் நடந்தது 1444 ஏப்ரல் 25, மாற்குவின் திருநாளில். ஓவியம் முடிந்தது 1496-இல். உடை, தொப்பி, கட்டடம் எதையும் 1444-க்குச் சான்றாகக் காட்டாதீர்கள். பெல்லினி வரைந்தது தன் கண்முன் இருந்த நகரத்தை. அந்த 1496-இல்தான் சதுக்கத்தின் கடிகாரக் கோபுர வேலை தொடங்கியது. ஓவியத்தில் அது இல்லை.