ஆகாயத்தாமரையை அள்ளுவதும் உரமாக்குவதும்: தொடங்குவோருக்கு

பண்ணைக்குட்டையில் ஆகாயத்தாமரை பரவினால் அள்ளுவதோடு வேலை முடியாது. அள்ளியதை எங்கே போடுவது என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். கரையில் விட்ட குவியல் அடுத்த மழையில் சரிந்து மறுபடி தண்ணீருக்குள் போய்விடும்.

1. பூக்கும் முன் அள்ளுங்கள். ஊதாப் பூ வாடியதும் பூத்தண்டு வளைந்து நீருக்குள் இறங்கி விதையை உதிர்க்கும். அந்த விதை சேற்றில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும்.

2. நீருக்குள் வெட்டாதீர்கள். செடிகளை இணைக்கும் ஓடுதண்டு அறுந்தால், குருத்துள்ள ஒவ்வொரு துண்டும் தனிச்செடியாகும். காலி பிளாஸ்டிக் கேன்களைக் கட்டிய கயிற்றால் செடிக்கூட்டத்தை வளைத்துக் கரைக்கு இழுங்கள். காற்று அவற்றை ஒதுக்கும் கரையில் நின்றால் பாதிச் சுமை குறையும். களைக்கொல்லி அடித்தால் செடிகள் மொத்தமாக மூழ்கி அழுகும். நீரில் ஆக்சிஜன் குறைந்து மீன்கள் சாகும்.

3. வாட விடுங்கள். செடியில் ஏறக்குறைய 95 சதவீதம் நீர்தான். 100 கிலோ சுமந்தால் உரத்துக்கு உதவுவது 5 கிலோ. ஆகவே கரையிலிருந்து பத்தடியாவது தள்ளி, வேர் மேலே பார்க்கக் கவிழ்த்து, நான்கைந்து நாள் வெயிலில் போட்டபின் தூக்குங்கள்.

4. குவியல் போடுங்கள். மேட்டுநிலத்தில், அடியில் சுள்ளி பரப்பி, 5 அடி அகலம், 4 அடி உயரம். வாடிய செடியை 2 முதல் 3 அங்குலத் துண்டுகளாக நறுக்கி 8 அங்குலம் பரப்புங்கள். அதன்மேல் வைக்கோல் அல்லது சருகு 2 அங்குலம். பிறகு 10 லிட்டர் நீரில் 2 கிலோ சாணம் கரைத்துத் தெளியுங்கள். இதே வரிசையில் உயர்த்துங்கள். கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டு வரவேண்டும். ஒழுகினால் ஈரம் அதிகம்.

சில நாட்களில் உள்ளே சூடேறும். இரும்புக்கம்பியைச் செருகிச் சிறிது நேரம் கழித்து உருவினால் கையில் பிடிக்க முடியாத சூடு இருக்கவேண்டும். விதையும் குருத்தும் சாக 55 டிகிரிக்கு மேல் தேவை. வெளிப்புறம் அவ்வளவு சூடாகாது. அதனால்தான் பத்து நாளுக்கொருமுறை, குறைந்தது மூன்று முறை, வெளியே இருப்பதை உள்ளே தள்ளிப் புரட்டுகிறோம். இதைச் சோம்பலில் விட்டால் உரத்தோடு விதையும் வயலுக்குப் போகும். இரண்டு மூன்று மாதத்தில் மண்வாசனை வரும்; அப்போது உரம் தயார்.

அழுகல் நாற்றம் வந்தால் காற்றில்லை: சருகு சேர்த்துப் புரட்டுங்கள். சூடே ஏறாவிட்டால் குவியல் சிறிது, அல்லது காய்ந்துவிட்டது.

உரமாக்க நேரமில்லையா? நன்றாகக் காய்ந்த செடியை மரங்களுக்கு 4 அங்குல மூடாக்காக, அதாவது மண்ணை மூடும் போர்வையாகப் போடலாம், அடிமரத்திலிருந்து அரையடி தள்ளி. மாட்டுக்கு முழுத்தீவனமாக வேண்டாம்; வயிறு நிரம்பும், சத்து சேராது.

ஆலைக்கழிவும் சாக்கடையும் கலக்கும் நீரில் வளர்ந்ததை உணவுப்பயிருக்குப் போடவே கூடாது. இதன் வேர் ஈயம், காட்மியம் போன்ற கன உலோகங்களை உறிஞ்சி வைத்திருக்கும்.

உரம் கிடைக்கிறதே என்று ஒரு மூலையில் விட்டுவைக்கவும் வேண்டாம். ஏற்ற சூழலில் இரண்டே வாரத்தில் இரட்டிப்பாகும். வாரமொருமுறை கரையோரச் சேற்றைப் பார்த்து, முளைக்கும் நாற்றுகளைக் கையால் பிடுங்குங்கள். வயல் உரம் கரைந்து குட்டைக்கு வரும் வாய்க்காலையும் திருப்பிவிடுங்கள்.