‘டவுட்’ என்ற சொல்லைப் பயன்படுத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

‘சார், ஒரு டவுட்’ என்று கையை உயர்த்தாத மாணவர் நம் ஊரில் இருக்க மாட்டார். அவ்வளவு பழகிப்போன சொல் என்பதால், ஆங்கிலத்தில் அதன் பொருள் என்ன என்று நாம் அகராதியைப் புரட்டிப் பார்ப்பதில்லை. பாடத்தில் புரியாததைக் கேட்பது, ஒருவர் சொல்வதை நம்பத் தயங்குவது, ஒருவர்தான் தவறு செய்திருப்பார் என்று கருதுவது ஆகிய மூன்றையும் தமிழில் ‘சந்தேகம்’ என்றே சொல்லிவிடலாம். ஆங்கிலத்தின் ‘டவுட்’ இவற்றுள் இரண்டாவதற்கு மட்டுமே முழுமையாகப் பொருந்தும்.

மூன்றாவது பொருளில் அதைப் பயன்படுத்துவதே எல்லாவற்றிலும் பெரிய பிழை, ஏனெனில் அங்கே பொருள் நேர்மாறாகிவிடுகிறது. அலுவலகத்தில் ஒரு கோப்பு காணாமல் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். குமார்தான் எடுத்திருப்பார் என்று எண்ணும் ஒருவர், ‘ஐ டவுட் தட் குமார் டுக் த ஃபைல்’ என்று மேலதிகாரிக்கு எழுதுகிறார். அதைப் படிக்கும் ஆங்கிலேயரோ அமெரிக்கரோ, குமார் எடுத்திருக்க மாட்டார் என்று இவர் கருதுவதாகவே புரிந்துகொள்வார். எழுதியவர் கருதியதைச் சொல்லும் சொல் ‘சஸ்பெக்ட்’. ‘ஐ சஸ்பெக்ட் தட் குமார் டுக் த ஃபைல்’ என்பதே சரி. தடுமாற்றம் வரும்போது, அந்த இடத்தில் ‘ஐ டோன்ட் திங்க்’ என்று போட்டுப் பார்க்க வேண்டும். நாம் சொல்ல வந்த பொருள் மாறாமல் நின்றால் ‘டவுட்’ பொருந்தும்; ‘ஐ திங்க்’ என்பதுதான் பொருந்துகிறது என்றால் ‘சஸ்பெக்ட்’ வேண்டும்.

குற்றவியல் வழக்குகளில் இந்த வேறுபாடு தெளிவாகத் தெரியும். ஒருவர் குற்றம் செய்திருப்பார் என்று காவல்துறை கருதும்போது அவர் ‘சஸ்பெக்ட்’ ஆகிறார். ஆனால், குற்றம் ‘பியாண்ட் ரீசனபிள் டவுட்’, அதாவது நியாயமான சந்தேகத்துக்கு இடமின்றி, நிரூபிக்கப்பட்டால்தான் நீதிமன்றம் அவருக்குத் தண்டனை விதிக்கலாம். நம் நாளிதழ்களில் வரும் ‘சந்தேகத்தின் பலனை அளித்து விடுதலை’ என்ற தொடரில் உள்ள சந்தேகம், அவர் குற்றம் செய்தாரா என்பதை நம்ப முடியாமை. ஆகவே ‘சஸ்பெக்ட்’ அவரைச் சிக்க வைக்கிறது, ‘டவுட்’ அவரைக் காப்பாற்றுகிறது.

பாடத்தில் கேட்கும் ‘டவுட்’ இவ்வளவு ஆபத்தானதன்று. ‘ஐ ஹாவ் எ டவுட்’ என்பது இந்திய ஆங்கிலத்தில் வேரூன்றிய வழக்கு. நம் வகுப்பறையில் அதைப் பிழை என்று திருத்திக்கொண்டிருக்கத் தேவையில்லை என்பது என் கருத்து. வெளிநாட்டுப் பேராசிரியரிடமோ ஐஇஎல்டிஎஸ் என்னும் ஆங்கிலத் திறன் தேர்வை நடத்தும் தேர்வாளரிடமோ பேசும்போது மட்டும் கவனம் வேண்டும். அவர் கூறியதையே நாம் ஏற்க மறுப்பதாக அவருக்குத் தோன்றக்கூடும். அங்கே ‘ஐ ஹாவ் எ கொஸ்டின்’ என்பதே பொருத்தம். ‘கிளியர் மை டவுட்’ என்பதற்குப் பதிலாக, ‘குட் யூ எக்ஸ்ப்ளெயின் திஸ் அகெய்ன்?’ என்று கேட்கலாம்.

இலக்கணத்தில் சில சறுக்கல்கள் உண்டு. ‘ஐ ஆம் டவுட்டிங்’ என்று தொடர்வினையாக எழுதுவது பொதுவாகப் பொருந்தாது. அறிதலைக் குறிக்கும் ‘நோ’, நம்புதலைக் குறிக்கும் ‘பிலீவ்’ போல இதுவும் மனநிலையைக் குறிக்கும் வினை. ‘அவர் மீது சந்தேகம்’ என்ற தமிழ்த் தொடரை மனத்தில் வைத்து ‘டவுட் ஆன் ஹிம்’ என்று எழுதுவோர் பலர். ‘டவுட்ஸ் அபவுட் ஹிம்’ என்பதே சரி. ‘ஆன்’ வரும் இடமும் ஒன்று உண்டு. ஒரு புதிய அறிக்கை பழைய முடிவை ஐயத்துக்கு உள்ளாக்கினால், அதை ‘காஸ்ட்ஸ் டவுட் ஆன்’ என்று எழுதுவார்கள்.

‘நோ டவுட்’ என்பதையும் நாம் சற்று மிகையாக நம்பிவிடுகிறோம். ‘நோ டவுட் ஹி இஸ் பிஸி’ என்றால், அவர் வேலையாக இருப்பார் போலும் என்ற ஊகமே பெரும்பாலும் வெளிப்படும். உறுதியாகச் சொல்ல ‘தேர் இஸ் நோ டவுட் தட்’ என்று தொடங்குவதோ ‘வித்தவுட் எ டவுட்’ என்பதைச் சேர்ப்பதோ நல்லது.

உச்சரிப்பில், எழுத்தில் இருக்கும் ‘பி’ ஒலிக்காது. ‘டவுப்ட்’ என்று படிப்பது பிழை. பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தபோது இச்சொல்லில் அந்த எழுத்தே இல்லை. இதன் மூலமான லத்தீன் சொல்லில் ‘பி’ இருப்பதைக் கண்ட அறிஞர்கள் பின்னாளில் அதை எழுத்தில் புகுத்தினார்கள். மக்களின் உச்சரிப்பு பழையபடியே நின்றுவிட்டது. கடனைக் குறிக்கும் ‘டெட்’ என்ற சொல்லில் ‘பி’ மௌனமாக இருப்பதற்கும் இதுவே காரணம்.