பிள்ளைகள் வளர்ந்தாயிற்று, பரணில் இருக்கும் புத்தகங்களை என்ன செய்வது?

மகனுக்கு முப்பத்து மூன்று, மகளுக்கு இருபத்தொன்பது. அவன் பெங்களூருவில், அவள் டொரன்டோவில். அவர்களுடைய சின்ன வயசுப் புத்தகங்கள் மட்டும் போன வருஷம் வரை எங்கள் நங்கநல்லூர் வீட்டில், இரண்டு மர அலமாரியிலும் பரணில் ஏழு அட்டைப்பெட்டியிலுமாக, வாடகை கொடுக்காமல் குடியிருந்தன. வீட்டைக் காலி செய்து ஃபிளாட்டுக்குப் போக வேண்டி வந்ததால் வேறு வழியில்லாமல் கையை வைத்தேன். மூன்று வாரத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலை, மூன்று மாதம் இழுத்தது. எங்கே சொதப்பினேன், எது சரியாக வந்தது என்று எழுதி வைக்கிறேன், பரணை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கும் வேறு யாருக்காவது உபயோகப்படட்டும்.

முதலில் பிள்ளைகளிடம் கேட்க வேண்டும். அவர்கள் புத்தகம், நம்முடையது இல்லை. ஆனால் "இதெல்லாம் உனக்கு வேணுமா?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். நான் அப்படித்தான் கேட்டேன். "எல்லாமே இருக்கட்டும்மா, அடுத்த தடவை வரும்போது பார்த்துக்கிறேன்" என்று இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். அந்த அடுத்த தடவை ஆறு வருஷமாக வந்துகொண்டே இருக்கிறது. பிறகு வேறு மாதிரி செய்தேன். தட்டு தட்டாக, முதுகில் இருக்கும் தலைப்பு தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து வாட்ஸப்பில் போட்டு, "ஆளுக்குப் பத்து. பொங்கலுக்குள் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் நானே முடிவு பண்ணுவேன்" என்று எழுதினேன். இரண்டே நாளில் பட்டியல் வந்துவிட்டது. எண்ணிக்கையும் கெடுவும் இல்லாவிட்டால் பிள்ளைகள் வாயே திறக்க மாட்டார்கள்.

பட்டியலைப் பார்த்து எனக்கு வருத்தம்தான். அவர்கள் கேட்பார்கள் என்று நான் நினைத்து, பிரவுன் பேப்பர் அட்டை போட்டுப் பொத்திப் பொத்தி வைத்திருந்த கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றுகூட அதில் இல்லை. மகன் கேட்டது, முன் அட்டையே இல்லாத ஒரு ராஜா கதைப் புத்தகம். அதில் வருகிற எல்லா ராணிகளுக்கும் பச்சை ஸ்கெட்ச் பேனாவால் மீசை வரைந்திருப்பான். பதினாலாம் பக்கத்தில் தயிர்சாதக் கறை, அதில் ஒரு பருக்கை காய்ந்து ஒட்டி, கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. அதை நான் முதல் நாளே பழைய பேப்பர் குவியலில் போட்டிருந்தேன், நல்லவேளை எடைக்குப் போடவில்லை. ஆகவே பட்டியல் கைக்கு வரும் வரை எதையும் வெளியே அனுப்பாதீர்கள், கிழிந்ததை முக்கியமாக.

எப்போது தொடங்கலாம் என்றால், சென்னைப் பக்கம் தை மாசி சரியான நேரம். ஐப்பசி கார்த்திகையில் தொடவே தொடாதீர்கள். மழை ஈரத்தில் தாள் தாளோடு ஒட்டிக்கொள்ளும், பெட்டியில் அடைத்தால் பூஞ்சை பிடிக்கும். இதை நான் சும்மா சொல்லவில்லை, 2015 டிசம்பர் வெள்ளத்தில் கீழ்த்தட்டு முழுக்க ஊறிப்போய் அள்ளிக் கொட்டியவள் நான். அன்றைக்கு அழுதேன். ஆனால் ஒரு மாதம் கழித்து என்னென்ன போயிற்று என்று யோசித்துப் பார்த்தால் நான்கு தலைப்புகூட நினைவுக்கு வரவில்லை. இந்தத் தடவை கை நடுங்கும்போதெல்லாம் அதைத்தான் நினைத்துக்கொண்டேன்.

மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு, உலர்ந்த பெயின்ட் பிரஷ்ஷால் தூசியைத் தட்டுங்கள். ஈரத்துணி கூடாது. பக்கங்களில் ஒழுங்கில்லாத சின்னச் சின்ன அரிப்பும் வெள்ளியாய் மின்னி ஓடுகிற பூச்சியும் தெரிந்தால் அந்தப் பெட்டியைத் தனியாக வையுங்கள், அடுத்ததற்குத் தாவும். மண் அப்பினாற்போல் இருந்தால் கரையான், அதில் யோசனைக்கு இடமில்லை, அந்தப் புத்தகங்கள் வெளியேதான். மிகவும் வேண்டிய ஒன்றிரண்டில் பூச்சி இருந்தால் காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் போட்டு இரண்டு வாரம் ஃபிரீசரில் வையுங்கள். எடுத்த பிறகு ஒரு நாள் முழுக்கப் பையைத் திறக்கக் கூடாது, திறந்தால் வேர்த்து நனைந்துவிடும். என் வீட்டுக்காரர் ஐஸ்கட்டி எடுக்கப் போய், பட்டாணிப் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் முயல் கதையைப் பார்த்து ஒரு நிமிஷம் பேசாமல் நின்றார். வைத்துக்கொள்ளப் போகிற பெட்டிக்கு வசம்புத் துண்டு போதும். அந்துருண்டை வேண்டாம், அந்த வாசனை புத்தகத்தை விட்டுப் போகவே போகாது, அடுத்து படிக்கப் போவது குழந்தை. கிழிசலுக்கு செல்லோடேப்பும் வேண்டாம், இரண்டு மழைக்காலத்தில் மஞ்சளாகி, பிசின் பக்கத்துப் பக்கத்தைப் பிடித்துக்கொள்ளும். முதுகு பிரிந்திருந்தால் கொஞ்சம் வெள்ளைப் பசை தடவி, மேலே அம்மிக் குழவியை வைத்து ஒரு ராத்திரி விட்டாலே நின்றுவிடும்.

கொடுப்பதற்கு முன்னால் ஒவ்வொரு புத்தகத்தையும் தலைகீழாகப் பிடித்து உதறுங்கள். இதை எத்தனை தடவை சொன்னாலும் தகும். எங்கள் வீட்டில் உதிர்ந்தவை: விபூதிப் பொட்டலம் மூன்று, செல்லாத ஐந்நூறு ரூபாய் ஒன்று (2016 நவம்பரில் தேடித் தேடிக் கிடைக்காத அதே நோட்டு), மகளுடைய ஐந்தாம் வகுப்பு ரேங்க் கார்டு, பழைய பல்லவன் பஸ் டிக்கெட், அப்புறம் ஒரு மயிலிறகு. மயிலிறகு குட்டி போடும் என்று வைத்தது. தீனிக்காகப் போட்ட பென்சில் சீவல்கூட அப்படியே இருந்தது. முதல் பக்கத்தில் பேர், பள்ளிக்கூடம், வீட்டு விலாசம், போன் நம்பர் எல்லாம் எழுதியிருப்பார்கள். பக்கத்தைக் கிழிக்க வேண்டாம், விலாசத்தின் மேல் மட்டும் ஒரு நேம் ஸ்லிப்பை ஒட்டிவிடுங்கள்.

பிரிக்கும்போது தனியாக உட்காருங்கள். இரண்டு பேர் உட்கார்ந்தால் ஒருவர் "ஐயோ, இதைப் பாரேன்" என்பார், அன்றைய வேலை அதோடு சரி. ஒரு நாளைக்கு ஒரு பெட்டிக்கு மேல் எடுக்காதீர்கள்.

எல்லோரும் கடைசியில் போய் மாட்டிக்கொள்வது கலைக்களஞ்சிய செட்டில்தான். தொண்ணூறுகளில் வீட்டுக்கு வந்து தவணையில் விற்றார்களே, வழவழ தாள், தங்க எழுத்து. ஒரு மாதச் சம்பளத்தில் பெரும்பகுதி அதற்குப் போனது, அதனாலேயே தூக்கிப்போட மனசு வராது. ஆனால் திறந்து பாருங்கள். கிரகங்கள் ஒன்பது என்று இருக்கும், புளூட்டோவை 2006லேயே அந்தப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். அட்லஸில் தெலங்கானா இருக்காது, அது 2014ல் வந்த மாநிலம். பொது அறிவுப் புத்தகத்தில் தமிழ்நாட்டுக்கு முப்பது மாவட்டம் என்று இருக்கும், இன்றைக்கு 38. தவறான தகவலை இன்னொரு பிள்ளைக்குத் தானம் கொடுப்பதில் என்ன புண்ணியம்? பழைய பாடப்புத்தகமும் அப்படித்தான். 2018ல் தொடங்கிப் பாடத்திட்டம் மாறிவிட்டது, அதற்கு முந்தையது எந்தப் பள்ளிக்கும் வேண்டாம். எடைக்குப் போடுங்கள்.

எடைக்குப் போடுவதா என்று நெஞ்சு அடைக்கும், தெரியும். புத்தகத்தில் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் ஜாதி நாம். நானும் சரஸ்வதி பூஜைக்குப் படத்துக்கு முன்னால் அடுக்கிய அதே கையால் எப்படித் தராசில் வைப்பது என்று மூன்று மாதத்தில் ஒரு மாதத்தை அதற்கே செலவழித்தேன். பாதிப் பக்கம் இல்லாதது, பூஞ்சை பிடித்தது, கரையான் தின்றது இவற்றை யாருக்காவது கொடுத்தால் அவர்களும் அதே தராசில்தான் வைக்கப் போகிறார்கள், நம் சங்கடத்தை ஆட்டோ வைத்து அவர்கள் வீட்டு வாசலில் இறக்கினதாக ஆகும். பேப்பர் கடைக்காரரிடம் கொடுத்தால் கூழாகி மறுபடி தாளாகத்தான் வரும்.

நல்ல நிலையில் இருப்பதை எங்கே கொடுப்பது? இதில் நான் பட்ட அடியைச் சொல்லிவிடுகிறேன். முதலில் நாலு பெட்டியை ஒரு காப்பகத்தில், போன்கூடப் பண்ணாமல், கொண்டு இறக்கினேன். நன்றி சொல்லி போட்டோ எடுத்துக்கொண்டார்கள். இரண்டு மாதம் கழித்து வேறு வேலையாகப் போனபோது நான் ஒட்டிய டேப் பிரியாமல் நாலு பெட்டியும் மாடிப்படி அடியில் இருந்தன, மேலே துடைப்பம். கோபம் வந்தது. அப்புறம் யோசித்தால், அங்கே இருந்த பிள்ளைகள் எல்லாம் பதிமூன்று வயசுக்கு மேல், நான் கொடுத்தது ஆறு வயசுக்கான இங்கிலீஷ் படக்கதை. கேட்காமல் கொடுத்தது நான்தானே. அவர்களிடம் சொல்லி இரண்டு பெட்டியைத் திரும்ப எடுத்து வந்துவிட்டேன்.

அதனால் கொடுப்பதற்கு முன்னால் போன் பண்ணி இரண்டு கேள்வி கேளுங்கள். என்ன வயசுப் பிள்ளைகள், எந்த மொழியில் சரளமாகப் படிப்பார்கள். அரசு தொடக்கப் பள்ளி என்றால் தலைமை ஆசிரியரை நேரில் பாருங்கள். படம் பெரிதாக, எழுத்து பெரிதாக, ஒரு பக்கத்துக்கு நாலைந்து வரி இருக்கிற தமிழ்ப் புத்தகங்களும் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்து வரும் இருமொழிப் புத்தகங்களும் அங்கே தேவைப்படுகின்றன. நேஷனல் புக் டிரஸ்ட்டின் நேரு பால புத்தகாலய வரிசை, தூலிகா பதிப்பகம் போட்டவை, இவையெல்லாம் கொடுத்த அன்றே பிள்ளைகள் கையில் இருந்தன. கிளை நூலகத்தில் கொடுப்பதாக இருந்தால் தலைப்பு, பதிப்பகம், வருஷம் எழுதி ஒரு பட்டியலோடு போங்கள். நூலகருக்கு அது பெரிய உதவி, இருக்கிற தலைப்பையே திரும்பச் சேர்க்க மாட்டார்கள். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் சிறுவர் பிரிவைப் பார்த்துவிட்டு அங்கேயே கொடுக்கலாம் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். எனக்கென்னவோ, நம் தெருமுனைக் கிளை நூலகத்தின் ஒற்றைச் சிறுவர் அலமாரிக்குத்தான் பசி அதிகம்.

இதைவிட நன்றாக நடந்தது ஒன்று. ஃபிளாட் செக்யூரிட்டி அண்ணனுக்கு மூன்றாவது படிக்கும் பெண். ஒரு பையில் போட்டுக் கொடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன், வீட்டுக்காரர்தான் "நீ ஏன் பொறுக்குறே, அதையே வரச் சொல்லு" என்றார். ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் பரப்பி வைத்தோம். அந்தப் பெண் ஒவ்வொன்றாகப் புரட்டி, பத்து நிமிஷம் யோசித்து, ஐந்தே ஐந்து எடுத்துக்கொண்டது. "மிச்சத்தை எல்லாம் படிச்சிட்டு வந்து எடுத்துக்கவா பாட்டி?" இப்போது வாரா வாரம் வருகிறது.

எடைக்குப் போடுவதற்கு முன்னால் இன்னொன்று பார்க்க வேண்டும். 1972ல் தொடங்கிய முத்து காமிக்ஸ், 1984ல் வந்த லயன், ராணி காமிக்ஸ் இவற்றின் பழைய இதழ்களுக்கு நாற்பது ஐம்பது வயசு ஆண்கள் உயிரை விடுகிறார்கள். அட்டையோடு, பக்கம் குறையாமல் இருந்தால் நல்ல விலை உண்டு, தெருவில் வருகிறவரிடம் கிலோக் கணக்கில் போட்டுவிட்டுப் பிறகு புலம்பாதீர்கள். சோவியத் நாட்டில் அச்சாகி என்.சி.பி.எச். (நியூ செஞ்சுரி புக் ஹவுஸ்) கடைகளில் கொள்ளை மலிவாக விற்ற தமிழ்ப் படக்கதைகளும் அப்படித்தான். 1991க்குப் பிறகு அந்த வரத்தே நின்றுபோனது. என் சின்ன வயசில் அப்பா வாங்கித் தந்து, பிள்ளைகளுக்கு இறங்கியவை எங்களிடம் எட்டு இருந்தன. பைண்டு செய்த அம்புலிமாமா மாதிரி பழைய பத்திரிகைத் தொகுப்பு இருந்தால் தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்குப் பட்டியல் அனுப்பிக் கேட்டுப் பாருங்கள், தமிழில் அச்சான பழையவற்றைச் சேர்த்துப் பாதுகாக்கிற இடம் அது.

கடைசியாக, உங்களுக்கென்று நாலு புத்தகம் எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்காக வைக்கிறேன் என்று சாக்குச் சொல்லாமல் உங்களுக்கு என்றே எடுங்கள். தினம் ராத்திரி ஒரே கதையை நானூறு தடவை வாசித்தது நாம், ஏக்கமும் நமக்குத்தான் இருக்கிறது, அதைப் பிள்ளைகள் தலையில் கட்டி ஏழு பெட்டியைச் சுமக்க வேண்டியதில்லை. நான் எடுத்ததில் ஒன்றை மகள் தன் பத்தில் சேர்த்திருந்தாள். விட்டுக்கொடுக்கவில்லை. வாசித்துப் பதிவு செய்து அனுப்பினேன்.

அனுப்புகிற விஷயம். ரிஜிஸ்டர்டு புக் போஸ்ட்டை 2024 டிசம்பரில் தபால்துறை நிறுத்திவிட்டது. 2025 மே முதல் ஞான் போஸ்ட் என்று ஒன்று இருக்கிறது, ஐந்து கிலோ வரை உள்நாட்டுக்குள் அனுப்பலாம், உங்கள் புத்தகம் அதில் சேருமா என்று கவுன்டரில் கேட்டுவிட்டு ஒட்டுங்கள். பெங்களூருக்கு நான் பார்சலாக அனுப்பினேன், ராணி மீசைப் புத்தகத்தை மட்டும் இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்துக் கட்டி. வெளிநாட்டுக்குத் தபால் செலவு புத்தக விலையைத் தாண்டிவிடும், ஊருக்குப் போகிறவர் பெட்டிதான் வழி. பத்துப் படப்புத்தகம் இரண்டரை கிலோ வந்தது. பெட்டியில் இருபத்து மூன்று கிலோவுக்கு மேல் போகக் கூடாது என்றதும் எதை எடுப்பது என்று பேச்சு வந்தது. ஆவக்காய் பாட்டிலை எடுக்கச் சொன்னேன். எப்படியும் அதைப் புத்தகத்தோடு ஒரே பெட்டியில் வைக்கக் கூடாது, மூடி எவ்வளவு இறுக்கினாலும் எண்ணெய் கசியும்.