வரலாற்றுத் தலங்களைச் சுற்றி ஒரு விடுமுறை: முதல்முறை திட்டமிடுபவர்களுக்கு

வரலாறு பிடித்தவர்கள்கூடப் பழைய நகரம் ஒன்றைச் சுற்றிவிட்டு வந்து, "நாலாவது இடத்துக்கு அப்புறம் எல்லாக் கல்லும் ஒரே மாதிரி தெரிய ஆரம்பித்துவிட்டது" என்பார்கள். என் முதல் பயணத்திலும் அப்படித்தான் ஆனது. பெயர்பெற்ற பத்து இடங்களை எழுதிக்கொண்டு போனேன். அவற்றைக் கோத்துப் பார்க்க ஒரு நூல் இல்லை. இப்போதெல்லாம் முதலில் ஒரு கேள்வியைத் தேர்ந்தெடுக்கிறேன், இடம் அதன் பின்னால் வருகிறது. இத்தாலியின் நேப்பிள்ஸ் பகுதியை உதாரணமாக வைத்து அதைப் படிப்படியாகச் சொல்கிறேன். நீங்கள் போகும் ஊர் வேறாக இருந்தாலும் இதே வழிதான்.

படி 1: ஒரு கேள்வியைப் பிடியுங்கள்

"ரோமானியப் பேரரசு" என்பது தலைப்பு. ஒரு வாரத்தில் அடங்காது. "ஒரு ரோமானிய ஊரில் சாதாரண மக்கள் அன்றாடம் எப்படி வாழ்ந்தார்கள், என்ன சாப்பிட்டார்கள்?" என்பது கேள்வி. இப்படிக் கேட்டதும் பட்டியல் தானாகச் சுருங்கிவிடும். அரண்மனைகளும் வெற்றி வளைவுகளும் விலகிப்போகும். பொம்பெயி, ஹெர்குலேனியம் என்ற இரண்டு பழைய ரோமானிய ஊர்கள், நேப்பிள்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகம், இந்த மூன்றும் நிற்கும்.

கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது பொம்பெயி சில மீட்டர் சாம்பலுக்கும் நுரைக்கல்லுக்கும் அடியில் போனது. ஹெர்குலேனியத்தின் மேல் சுமார் 20 மீட்டர் படிந்தது. அந்தச் சூட்டில் மரம் கரியாகி அப்படியே நின்றுவிட்டதால், உத்தரம், கதவு, கட்டில்கூட அங்கே மிஞ்சியிருக்கின்றன. பொம்பெயியில் தெருக்களோடு ஒரு ஊரையே பார்க்கலாம், ஹெர்குலேனியத்தில் மாடியோடு வீட்டைப் பார்க்கலாம். இரண்டும் ஒரே ரயில் பாதையில் இருக்கின்றன. ஊருக்கு ஒரு நாள் கொடுங்கள், அருங்காட்சியகத்துக்கு ஒரு நாள். மூன்று நாளில் முடிந்துவிடும். ஒரு நாளைக்கு ஒரு பெரிய தளம் என்பதை மட்டும் மீறாதீர்கள்.

படி 2: கண்ணால் பார்த்தவர் எழுதியதைப் படியுங்கள்

தடிமனான வரலாற்று நூல் வேண்டாம். வெசூவியஸ் வெடித்ததை 17 வயதில் நேரில் பார்த்த ரோமானிய எழுத்தாளர் இளைய பிளினி, பல வருடம் கழித்து வரலாற்றாசிரியர் டாசிட்டஸுக்கு இரண்டு கடிதங்கள் எழுதினார். ஒரே மாலையில் படித்துவிடலாம். எரிமலைக்கு மேலே எழுந்த புகையை அவர் குடை போல விரிந்த ஒரு மரத்துக்கு ஒப்பிடுகிறார். அதைப் படித்துவிட்டுப் போய் அந்த மலையைப் பார்த்தால் அது வெறும் பின்னணியாக இருக்காது. கம்போடியாவின் பழைய தலைநகரமான அங்கோருக்குப் போகிறவர்களுக்கும் இப்படி ஒருவர் கிடைப்பார்: 1296இல் தூதுக்குழுவோடு வந்து ஏறக்குறைய ஒரு வருடம் தங்கிய சீனர் சோவ் தாகுவான். மக்களின் உடை, வீடு, சந்தை என்று எல்லாவற்றையும் எழுதிவைத்திருக்கிறார்.

தளம் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருந்தால், யுனெஸ்கோ இணையதளத்தில் அந்தத் தளத்தின் பக்கத்தில் வரைபடங்களும் ஆவணங்களும் இலவசமாகக் கிடைக்கும். வரைபடத்தை அச்செடுத்துக்கொள்ளுங்கள்.

படி 3: தளம் மூடியிருக்கும் நாளையும் டிக்கெட்டையும் முதலில் பாருங்கள்

தங்கும் இடத்துக்குப் பணம் கட்டும் முன் செய்ய வேண்டிய வேலை இது. தாஜ் மஹால் வெள்ளிக்கிழமை மூடியிருக்கும். பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகம், நேப்பிள்ஸ் அருங்காட்சியகம் இரண்டும் செவ்வாய்க்கிழமை. பொம்பெயியில் 2024 நவம்பரிலிருந்து ஒரு நாளைக்கு 20,000 பேர்தான். ஸ்பெயினில் உள்ள அல்ஹம்ப்ரா கோட்டையின் நஸ்ரித் அரண்மனைகளுக்கு டிக்கெட்டில் போட்ட நேரத்துக்குள் போயாக வேண்டும். பெருவின் மச்சு பிச்சுவில் எந்தப் பாதையில் நடக்கலாம் என்பதையே டிக்கெட்தான் முடிவுசெய்கிறது. விதிகள் மாறிக்கொண்டே இருக்கும், அதனால் தளத்தின் அதிகாரபூர்வ இணையதளத்தை மட்டும் நம்புங்கள்.

படி 4: அருங்காட்சியகம் முன்னாலா, பின்னாலா?

தளத்தில் மிஞ்சியிருப்பது குறைவு என்றால் அருங்காட்சியகம் முதலில். துருக்கியில் உள்ள பழைய நகரமான டிராய் அப்படித்தான்: ஒன்றின் மேல் ஒன்றாக ஒன்பது முக்கிய அடுக்குகள், அவற்றை வெட்டிக்கொண்டு 1870களில் ஜெர்மானியர் ஷ்லீமன் அகழாய்வில் தோண்டிய பெரிய பள்ளம். பக்கத்தில் உள்ள அருங்காட்சியகத்தைப் பார்க்காமல் போனால் எந்தச் சுவர் எந்தக் காலத்தது என்றே புரியாது.

நிறைய மிஞ்சியிருந்தால் தளம்தான் முதலில். பொம்பெயியின் பேக்கரி ஒன்றில் எரிமலைக் கல்லில் செய்த மாவரைக்கும் ஆலைகளும் செங்கல் அடுப்பும் நிற்கின்றன, ரொட்டி இல்லை. எட்டுத் துண்டாகப் பிய்க்கக் கோடு போட்ட, கருகிப்போன ரொட்டியை மறுநாள் நேப்பிள்ஸில் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்க்கும்போது அது எந்த அடுப்பிலிருந்து வந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும். எனக்கு இந்த வரிசைதான் பிடித்திருக்கிறது.

படி 5: வெயில் எந்தப் பக்கம்?

அங்கோர் வாட் மேற்கு பார்த்தது, அதனால் முகப்பில் வெளிச்சம் விழுவது பிற்பகலில்தான். ஜோர்டானில் பாறையைக் குடைந்த பெட்ராவில் கருவூலம் எனப்படும் முகப்புக்குக் காலை வெயில், மலைமேல் இருக்கும் மடாலயத்துக்கு மாலை வெயில். நடக்கும் வரிசையும் அதுவே. தேய்ந்த கல்வெட்டை உச்சிவெயிலில் படிக்கவே முடியாது. வெயில் சாய்ந்து விழும் நேரத்தில் எழுத்துகள் நிழலோடு எழுந்து நிற்கும். ஒரு சின்ன பைனாகுலர் இருந்தால் நல்லது: ரோமில் உள்ள உயரமான ட்ராஜன் தூணின் மேல்பகுதிச் சிற்பங்களைத் தரையிலிருந்து வெறும் கண்ணால் பார்த்துப் பயனில்லை.

படி 6: மூன்று பொருளை மட்டும் தேடுங்கள்

உள்ளே போனதும் எல்லாவற்றையும் பார்க்க ஓட வேண்டாம். பொம்பெயியில் நான் சொல்லும் மூன்று: பேக்கரி, சூடான உணவு விற்ற கடையின் கல்மேடை, தெருவைக் கடக்கும் கற்கள். கடைசியது எல்லோரும் மிதித்துக்கொண்டே போய்விடுவது. தெரு பள்ளமாகவும் நடைபாதை உயரமாகவும் இருக்கும். குறுக்கே பெரிய கற்களை இடைவெளி விட்டுப் போட்டிருப்பார்கள். அங்கே குனிந்து பாருங்கள். கற்களுக்கு நடுவே, சரியாக அந்த இடைவெளியில், வண்டிச் சக்கரங்கள் தேய்த்த தடம் விரல் இறங்கும் ஆழத்துக்குப் பதிந்திருக்கும். இந்தத் தேய்மானத்தை வைத்தே எந்தத் தெருவில் வண்டிகள் ஒரு பக்கமாக மட்டும் போயின என்று ஆய்வாளர்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள். கால்மணி நேரம் அங்கே நில்லுங்கள். மனிதர்கள் நடந்த ஒரு தெரு அது என்பது அப்போதுதான் உறைக்கும்.

கூட வருபவர்களுக்கு வரலாற்றில் ஆர்வம் இல்லையென்றால், பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் அவர்கள் விருப்பப்படி விட்டுவிடுங்கள்.

படி 7: இரவில் மூன்று வரி

பார்த்தது என்ன, புரிந்தது என்ன, புரியாதது என்ன. அன்றே எழுதுங்கள், மறுநாள் கலந்துவிடும். மூன்றாவது வரிதான் முக்கியம். என் நோட்டில் ஒருநாள், "தலைநகரத்துக்கு ரொட்டி மாவு எங்கிருந்து வந்தது?" என்று இருந்தது. ரோமுக்குத் தானியம் பெரும்பாலும் எகிப்திலிருந்தும் வட ஆப்பிரிக்காவிலிருந்தும் கப்பலில் வந்தது. அதைச் சேமித்த கிடங்குகளின் சுவர்கள் ரோமுக்கு அருகே ஆஸ்டியாவில் இன்னும் நிற்கின்றன. அடுத்த விடுமுறைக்கு அங்கேதான் போகிறேன்.