அம்மை என்று நினைத்த தடிப்பும், பெயர் தெரியாத மாத்திரையும்

கம்பத்தில் விடியும் முன் ஜீப் ஏறி, கம்பம்மெட்டு வழியாக இடுக்கி மலைக்கு ஏலக்காய் எடுக்கப் போகிறவர்களுக்குப் படர்தாமரை புதிதல்ல. மழைக்காலத்தில் காலையில் நனைந்த துணி சாயங்காலம் வரை உடம்போடு ஒட்டிக் கிடக்கும். இடுப்பிலும் தொடை இடுக்கிலும் வட்டமாகத் தடித்து அரிக்கும். இறங்கி வரும்போது மெடிக்கலில் "அரிப்புக்கு ஒரு ஆயின்மென்ட் கொடுங்க" என்று கேட்டு வாங்கிக்கொள்வார்கள். தவறு இங்கேயே ஆரம்பித்துவிடுகிறது.

அப்படிக் கிடைக்கும் டியூப்களில் பலவும் கலவை மருந்து. பூஞ்சைக்கு ஒன்று, கிருமிக்கு ஒன்று, கூடவே குளோபெட்டசால் போன்ற கடுமையான ஸ்டீராய்டு. ஸ்டீராய்டு அரிப்பை இரண்டே நாளில் அடக்கிவிடும், ஆனால் பூஞ்சை சாகாது. தடவுவதை நிறுத்தியதும் முன்பைவிட அகலமாக வரும். வட்டத்தின் ஓரம் கலைந்துபோவதால், டாக்டருக்கே இது படர்தாமரைதானா என்று சந்தேகம் வரும். மாதக்கணக்கில் தடவினால் தொடையில் பிரசவத் தழும்பு போலக் கோடுகள் விழும், அவை முழுதாக மறையாது. இதனால்தான் 2018-இல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு ஆயின்மென்ட்களைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. இப்போது இந்தியாவில் பரவும் படர்தாமரைப் பூஞ்சையில் ஒரு வகைக்கு 2020-இல் தனிப் பெயரே வைத்தார்கள்: ட்ரைக்கோஃபைட்டான் இன்டோட்டினியே. வழக்கமான டெர்பினாஃபின் மாத்திரைக்குக்கூட அது பல நேரம் அடங்குவதில்லை. அரிப்பு நின்றதும் மருந்தை நிறுத்தாதீர்கள், டாக்டர் சொன்ன நாள்வரை போடுங்கள். வீட்டில் இன்னொருவருக்கும் இருந்தால் இருவருக்கும் ஒரே நேரத்தில் வைத்தியம் பாருங்கள். துண்டு ஆளுக்கு ஒன்று.

அதற்காக ஸ்டீராய்டு என்றாலே விஷம் என்று ஓடுவதும் தவறுதான். கரப்பான் படைக்கும், தோல் தடித்துச் செதில் செதிலாக உதிரும் சொரியாசிஸுக்கும் டாக்டர் அளவு சொல்லிக் கொடுக்கும் ஸ்டீராய்டு ஆயின்மென்ட் நல்ல மருந்து. ஆனால் சொரியாசிஸுக்கு ஸ்டீராய்டு மாத்திரையோ ஊசியோ போட்டுச் சட்டென்று நிறுத்தினால், உடம்பெங்கும் சீழ்க் கொப்புளமாக வெடிக்கலாம். அப்புறம் மெத்தோட்ரெக்சேட் என்ற மாத்திரை. சொரியாசிஸுக்கு அதை வாரத்தில் ஒரே நாள்தான் சாப்பிட வேண்டும். தினமும் போட்டுக்கொண்டால் வாய் புண்ணாகி, ரத்த அணுக்கள் குறைந்து, உயிரே போகலாம். எந்தக் கிழமை என்று அட்டையிலேயே பேனாவால் எழுதி வையுங்கள்.

இனி நான் சொல்வதைத் தயவுசெய்து நிதானமாகப் படியுங்கள். எங்கள் தெருவில் ஓர் அக்காவுக்கு வலிப்பு நோய். மலைமேல் வேலை பார்த்த ஊரில் புதிதாக கார்பமசெபைன் கொடுத்தார்கள். மூன்றாவது வாரம் காய்ச்சல், உடம்பெல்லாம் சிவப்புத் தடிப்பு. வீட்டில் அம்மை என்று நினைத்து, வாசலில் வேப்பிலை செருகி, இளநீர் கொடுத்துப் படுக்க வைத்தார்கள். மாத்திரையையும் விடாமல் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் உதடு வெந்து, கண் திறக்க முடியவில்லை. முதுகில் பாய் ஒட்டிய இடத்தில் தோல் உரிந்து வந்தது. அது ஸ்டீவன்ஸ் ஜான்சன் என்கிற மருந்து ஒவ்வாமை. அக்கா பிழைத்தார். கண் மட்டும் இன்றும் வறண்டு எரிகிறது, நாள் முழுக்கச் சொட்டு மருந்து விடுகிறார்.

இந்த ஒவ்வாமை பெரும்பாலும் மருந்து தொடங்கிய நாலாம் நாளிலிருந்து நாலு வாரத்துக்குள் வரும். அதனால்தான் யாரும் மாத்திரையைச் சந்தேகிப்பதில்லை, நேற்றுத் தின்ற கருவாட்டின் மேலும் கத்தரிக்காயின் மேலும் பழியைப் போடுகிறார்கள். வலிப்பு மாத்திரைகள், யூரிக் அமிலத்துக்கான அல்லோபியூரினால், கிருமிக்குக் கொடுக்கும் சல்ஃபா மாத்திரைகள் இதில் முன்னால் நிற்கிறவை. தடிப்போடு காய்ச்சல், வாய்ப்புண், கண் எரிச்சல், தொட்டால் தோல் வலி, கொப்புளம், முக வீக்கம், இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள், இரவானாலும் சரி. சந்தேகப்படும் மாத்திரையின் அடுத்த வேளையைப் போடாதீர்கள். வலிப்புக்கு வேறு மருந்து அங்கேயே தொடங்க வேண்டும். அதையும் டாக்டர்தான் பார்த்து மாற்ற வேண்டும், ஏனென்றால் கார்பமசெபைன் ஒத்துக்கொள்ளாதவருக்கு இன்னொரு வலிப்பு மருந்தான ஃபெனிடோயினும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம்.

எல்லைக்கு இந்தப் பக்கம், தமிழ்நாட்டுக்கு வந்த பிறகுதான் அந்த அக்கா வீட்டில் பெரிய சிக்கல். டாக்டர் "என்ன மாத்திரை?" என்று கேட்டபோது, கையில் இருந்தது கத்தரித்த அட்டைத் துண்டு. ஆறு மாத்திரை, பின்பக்கம் பாதி எழுத்து. வைத்தியச் சீட்டு மலைமேல் லயத்திலேயே, அதாவது தோட்டத் தொழிலாளர் குடியிருப்பிலேயே இருந்தது. கம்பெனிப் பெயர் ஊருக்கு ஊர் மாறும், அதனால் மருந்தின் பெயரைத்தான் கேட்டு வாங்க வேண்டும். அட்டையை வெட்டிக் கொடுத்தால், பெயர் இருக்கிற துண்டைக் கடைசிவரை வைத்திருங்கள்.

சிலருக்கு வலி மாத்திரையோ வயிற்றுப்போக்கு மாத்திரையோ போடும்போதெல்லாம் உதட்டிலோ கையிலோ அதே இடத்தில் கரும்படை வரும். அதுவும் மருந்து ஒவ்வாமைதான், அந்தப் பெயரையும் குறித்து வையுங்கள்.

அக்காவின் மணிபர்சில் இப்போது ஒரு காகிதம் இருக்கிறது. கார்பமசெபைன் ஆகாது என்று தமிழிலும் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் எழுதி, மழையில் நனையாமல் பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொடுத்திருக்கிறான் அவர் மகன்.