பழைய கணினியில் 4 டிபி ஹார்டு டிஸ்க் மாட்டுவது எப்படி?

பதினைந்து வயதைத் தாண்டிய என் மேசைக் கணினியில் 4 டிபி ஹார்டு டிஸ்க்கை மாட்டினேன். விண்டோஸ் 7 அதை இரண்டு துண்டாகக் காட்டியது: 2048 ஜிபி ஒன்று, 1678 ஜிபி இன்னொன்று. இரண்டாவது துண்டு எதற்கும் அசைந்து கொடுக்கவில்லை. டிஸ்க்கைக் கடையில் திருப்பிக் கொடுக்கக் கிளம்பிய பிறகுதான் புரிந்தது, தவறு என்னுடையது. டிஸ்க்கின் இடத்தைப் பிரித்துக் குறித்துவைக்கும் முறை எம்பிஆரா, ஜிபிடியா என்று விண்டோஸ் முதலில் கேட்ட கேள்விக்கு அவசரத்தில் எம்பிஆர் என்று சொல்லியிருந்தேன்.

எம்பிஆர் 1983-இல் வந்த முறை. டிஸ்க்கின் ஒவ்வொரு 512 பைட் கட்டத்துக்கும் 32 பிட் எண்ணில் முகவரி எழுதும். பெருக்கிப் பாருங்கள், 2048 ஜிபியோடு எண்கள் தீர்ந்துவிடும். ஜிபிடி முறையில் முகவரிக்கு 64 பிட் என்பதால் அந்தக் கவலை இல்லை.

மாட்டும் முன் உங்கள் விண்டோஸ் எது என்று பாருங்கள். 32 பிட் எக்ஸ்பிக்கு ஜிபிடி தெரியாது. விஸ்டாவும் அதற்குப் பின் வந்தவையும் படிக்கும். ஆனால் ஜிபிடி டிஸ்க்கிலிருந்து விண்டோஸ் பூட் ஆக, மதர்போர்டில் யுஇஎஃப்ஐ (கணினியைத் தொடக்கிவைக்கும் புதிய வகை மென்பொருள்) வேண்டும். அதற்கு முந்தைய வகையான பயாஸ் உள்ள பழைய போர்டில் அது நடக்காது. எனவே விண்டோஸ் பழைய டிஸ்க்கிலேயே இருக்கட்டும், புதியதைக் கோப்புகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கணினியை அணைத்து, பிளக்கையும் எடுத்துவிட்டு, டிஸ்க்கை போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளையும் பவர் கேபிளையும் செருகுங்கள். கணினியை இயக்கியதும் டிஸ்க் சுழலும் அதிர்வு தெரிய வேண்டும்.

பிறகு ‘கம்ப்யூட்டர்’ மீது வலது கிளிக், ‘மேனேஜ்’, ‘டிஸ்க் மேனேஜ்மென்ட்’. புது டிஸ்க் என்றால் எம்பிஆரா ஜிபிடியா என்று ஒரு பெட்டி கேட்கும். ஜிபிடி. அடுத்து, காலி இடத்தின் மீது வலது கிளிக் செய்து ‘நியூ சிம்பிள் வால்யூம்’ எடுத்து, கோப்பு முறைக்கு என்டிஎஃப்எஸ், குவிக் ஃபார்மட் கொடுத்தால் முடிந்தது. என்னைப் போல முதலிலேயே தவறியவர்கள் அந்த டிஸ்க்கில் உள்ள வால்யூமை அழித்துவிட்டு, இடப்பக்கம் டிஸ்க் எண்ணின் மீது வலது கிளிக் செய்து ‘கன்வர்ட் டு ஜிபிடி டிஸ்க்’ கொடுக்கலாம். அழிப்பது புதிய டிஸ்க்கைத்தானா என்று இருமுறை பாருங்கள். கை தவறினால் கல்யாண ஆல்பம் போய்விடும்.

இப்போது சுமார் 3725 ஜிபி தெரியும். யாரும் ஏமாற்றவில்லை. தயாரிப்பாளர் ஆயிரத்தால் வகுக்கிறார், விண்டோஸ் 1024-ஆல் வகுக்கிறது. ஜிபிடி கொடுத்தும் மொத்தமே 1678 ஜிபிதான் என்றால் சாட்டா டிரைவர் (சாட்டா இணைப்பை இயக்கும் மென்பொருள்) பழசு. போர்டு தயாரிப்பாளரின் தளத்தில் புதியதைத் தேடுங்கள்.

டிஸ்க் சுழலவே இல்லையா? சில புதிய டிஸ்க்குகளில் பவர் இணைப்பின் மூன்றாம் பின்னில் 3.3 வோல்ட் வந்தால் டிஸ்க் அணைந்தே கிடக்கும். பழைய பவர் சப்ளை பலவும் அங்கே அந்த மின்னழுத்தத்தைத் தரும். மோலெக்ஸ் என்ற பழைய நான்கு பின் பவர் இணைப்பிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் கேபிளில் 3.3 வோல்ட் கிடையாது, அதன் வழியாகக் கொடுத்தால் சுழன்றுவிடும். அந்தக் கேபிளை மட்டும் மலிவாகப் பார்த்து வாங்காதீர்கள். மட்டமானவை உருகித் தீப்பிடித்ததுண்டு.